ஆர்வத்தை நம்பாதீர்!

“ஆர்வம் இருந்தால் போதும், எந்தக் கலையும் தானே கைவரும்” என்று சொல்லாதவர் இல்லை. மேடையில் சொல்கிறார்கள், பரிசளிப்பு விழாவில் சொல்கிறார்கள், விடுதி அறைச் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மைதானா? உண்மை அன்று என்பது என் கருத்து. புதிதாகப் பயிலத் தொடங்குவோருக்கு அது தீங்கும் செய்கிறது என்றே சொல்வேன்.

எதைக் கண்டு இப்படிச் சொல்கிறேன்? சென்ற ஆண்டு தென்மேற்குப் பருவமழை தொடங்கிய வேளையில், போர்ட் கொச்சியில் ஒரு களரியில் நம் தமிழ் மாணவர் 11 பேர் சேர்ந்தோம். ஓணத்து விடுமுறை முடிந்து எண்ணிப் பார்த்தபோது எஞ்சியவர் 3 பேர். விலகிய எண்மரும் சோம்பேறிகளா? ஒருநாளும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் நள்ளிரவு வரை விழித்திருந்துவிட்டு, காலையில் படகேறி வகுப்புக்கு வருபவர்கள் அவர்கள். அப்படியானால் ஆர்வம் குறைந்தவர்களா? அதுவும் இல்லை. சேர்ந்த நாளில் எங்களுள் மிகுந்த ஆர்வம் உடையவர்கள் அவர்களே. முதல் வாரத்திலேயே புதுக் கச்சை வாங்கியவர்கள் அவர்கள். ஊரில் உள்ள தம்பி தங்கையருக்குப் படம் எடுத்து அனுப்பியவர்களும் அவர்களே. ஆர்வம் மிகுந்தவர் விலகினர். “பார்ப்போமே” என்று வந்தவர் நிலைத்தனர். இது எப்படி நேர்ந்தது?

விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. போர்ட் கொச்சியில் மாலை வேளையில் சுற்றுலாப் பயணிகளுக்காகக் களரிப்பயிற்றுக் காட்சிகள் நடக்கின்றன. ஒரு மணி நேரத்தில் எத்தனை விந்தைகள்! வாளும் கேடயமும் மோதிப் பொறி பறக்கிறது. இளைஞன் ஒருவன் ஓடி வந்து, நெருப்பு வளையத்தினூடே பாய்ந்து, மறுபுறம் பூனைபோல் இறங்குகிறான். பார்த்தவர் நெஞ்சில் ஆசை மூள்கிறது. “நானும் இப்படித் தாவ வேண்டும்” என்று புறப்படுகிறார். அந்தக் காட்சியை நான் குறை கூற வரவில்லை. அணைந்துகொண்டிருந்த இந்தக் கலையை இருபதாம் நூற்றாண்டில் மீட்டவர்கள் கோட்டக்கல் கணாரன் குருக்களும், அவரிடம் பயின்ற சி. வி. நாராயணன் நாயரும், அவர்களைப் போன்ற வேறு சிலரும் ஆவர். அவர்கள் மக்கள் முன்னே ஆடிக் காட்டியதால்தான் களரிக்குப் புது வாழ்வு கிடைத்தது. ஆகவே மேடைக்கும் பெருமை உண்டு. ஆனால் மேடை ஒரு மணி நேரத்தைக் காட்டுகிறது. அதன் பின்னே உள்ள பத்தாண்டுகளைக் காட்டுவதில்லை. அந்த மேடையை அளவுகோலாகக் கையில் எடுத்துக்கொண்டு களரிக்குள் நுழைபவன், தன்னை அளக்கும்போதெல்லாம் குறைவாகவே காண்பான். குறையையே நாள்தோறும் காண்பவனின் ஆர்வம் எத்தனை நாள் நிற்கும்?

களரியிலே முதலில் என்ன கற்பிக்கிறார்கள்? தாவுவதையா? இல்லை. மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறும்கை என்று நான்கு படிகள். முதற்படி உடற்பயிற்சி, இரண்டாவது மரக்கோல், மூன்றாவது வாள் முதலிய உலோகக் கருவிகள், நான்காவது கருவி இல்லாத போர். புதியவன் நெடுநாள் முதற்படியிலேயே நிற்கிறான். காலை உயர்த்தித் தலைக்கு மேல் நீட்டிய கையைத் தொடச் சொல்கிறார்கள். நூறு முறை தொட்டாலும் மறுநாளும் அதே கால், அதே கை. பிறகு வடிவுகள்: யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, மயில், சேவல் என எட்டு. யானை வடிவில் தாழ்ந்து நின்றால் சிறிது நேரத்தில் தொடை நடுங்குகிறது. தாவ வந்தவனை இப்படி நிற்க வைத்தால் அவன் என்ன நினைப்பான்? “என்னை ஏமாற்றுகிறார்கள், கலையை ஒளித்து வைக்கிறார்கள்” என்றுதான் நினைப்பான். விலகிய நண்பர்களில் சிலர் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் பௌதிகம் படிப்பவன். ஆகவே இந்தக் குறைக்குப் பௌதிகத்திலிருந்தே விடை சொல்கிறேன். ஒருவன் காற்றில் குட்டிக்கரணம் அடிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் தரையை விட்டு எழும் கணத்தில் அவன் உடல் எவ்வளவு கோண உந்தம் பெற்றதோ, அவ்வளவுதான். அதன்பின் காற்றில் அதைக் கூட்ட முடியாது. முழங்காலை மார்போடு சேர்த்து உடலைச் சுருக்கினால் சுழற்சி விரைவாகும், விரித்தால் தணியும். அது ஒன்றுதான் அவன் கையில் இருக்கிறது. நேரமும் அப்படியே. உடலின் நிறை மையம் அரை மீட்டர் உயர்ந்து, புறப்பட்ட மட்டத்துக்கே இறங்கினால், அவன் காற்றில் இருப்பது ஏறக்குறைய 0.64 வினாடி. இமைத்து விழிப்பதற்குள் முடிந்துவிடும் அந்த நேரத்தில் யோசிப்பதற்கு ஏது இடம்? ஆகவே தாவுதலின் வெற்றியும் தோல்வியும் தரையிலேயே முடிவாகிவிடுகின்றன. கணுக்கால், தொடை, இடுப்பு ஆகியவை முடிவு செய்கின்றன. யானை வடிவில் நடுங்கிய அந்தத் தொடைதான் பின்னொரு நாள் உடலை மேலே எறியப் போகிறது. தாவலை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று எண்ணினோமே, அவர்கள் அதைத்தான் முதல் நாளிலிருந்தே கற்பித்துக்கொண்டிருக்கிறார்கள்!

உடலின் இயல்பும் இந்தப் பொறுமையையே கேட்கிறது. பயிற்சியின் முதற்சில வாரங்களில் நாம் அடையும் வலிமையில் பெரும்பகுதி நரம்புகள் தசையை ஏவக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருப்பது அதற்குப் பின். எலும்போடு தசையைக் கட்டும் தசைநாண்கள் இன்னும் மெதுவாகவே உறுதிப்படும். ஆகவே “எனக்கு வலு வந்துவிட்டது” என்று மனம் துள்ளும் வேளையில், அந்த வலுவைத் தாங்க முழங்காலும் கணுக்காலும் இன்னும் ஆயத்தமாகியிருப்பதில்லை. கைப்பேசியில் பார்த்த தாவலைக் கடற்கரை மணலில் தனியே முயன்ற நண்பர் ஒருவர், மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தார். செய்முறைத் தேர்வுக்கும் அவரால் எழுத முடியவில்லை. அவருக்கு ஆர்வம் குறைவா? ஆர்வத்தின் பேச்சைக் கேட்டதுதான் அவருக்கு வந்த வினை.

அடுத்து, முன்னேற்றமே இல்லை என்று தோன்றும் நாட்கள். இதுதான் பெரிய கண்டம். முதல் மாதம் நாளுக்கு நாள் வளர்ச்சி தெரிகிறது. இரண்டாம் மாதம் எல்லாம் நின்றுவிட்டதுபோல் இருக்கிறது. நேற்று எட்டிய உயரத்தைக் கால் இன்று எட்ட மறுக்கிறது. அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தித் தொழில் கற்பவர்களை ஆராய்ந்து 1897-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். செய்தி அனுப்பும் திறம் ஒரே சீராக வளர்ந்தது. செய்தி கேட்டு எழுதும் திறமோ சிறிது வளர்ந்தபின் பல வாரங்கள் மலைமேட்டுச் சமவெளிபோல் அசையாமல் நின்றது. பிறகு திடீரென்று ஏறியது. அந்தச் சமவெளி இருந்த இடந்தான் கொடுமை. பெரிய தடத்தில் வேலை பெறுவதற்கு வேண்டிய வேகத்துக்குச் சற்றே கீழே அது அமைந்திருந்தது! 1899-இல் அவர்களே ஒரு விளக்கமும் தந்தனர். எழுத்து எழுத்தாகக் கேட்ட காது சொல் சொல்லாகவும், பிறகு தொடர் தொடராகவும் கேட்கப் பழகுவதற்கு அந்தக் காலம் வேண்டியிருக்கிறது என்றார்கள். எல்லாக் கலைக்கும் எல்லா மனிதருக்கும் இந்தச் சமவெளி தவறாமல் வரும் என்பதைப் பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் ஒப்பவில்லை. ஆயினும் நமக்கு அதிலே ஒரு பாடம் உண்டு. வெளியே அசைவு தெரியவில்லை என்பதால் உள்ளே வேலை நடக்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. சமவெளியின் கடைசி நாளில் திரும்பிப் போனவனுக்கு, அதுதான் கடைசி நாள் என்று தெரியவே போவதில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது வெட்கம். களரிக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்பது ஏழு வயதுச் சிறுமி. அவள் காலை உயர்த்தினால் நெற்றியைத் தொடுகிறது; நமக்கோ இடுப்புக்கு மேல் எழவில்லை. 23 வயதில் ஒரு குழந்தையின் முன்னே தோற்பது எளிதன்று. “இதெல்லாம் சிறு வயதில் தொடங்க வேண்டியது” என்று சொல்லிக்கொண்டு வெளியேறுவது எளிது. வடகரையில் கடத்தநாடன் களரி சங்கத்தின் மீனாட்சியம்மா ஏழு வயதில் தொடங்கியவர் என்பது உண்மை. பருவம் அடைந்தபின் பெண்கள் களரியை விட்டுவிடுவது வழக்கமாக இருந்த காலத்தில், அவர் விடவில்லை. எழுபது வயதைக் கடந்து, இளைஞரோடு வாள் சுழற்றிக்கொண்டிருந்த நிலையில் 2017-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. நம் மாணவியர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் ஏழு வயதில் தொடங்காதவர் கதி என்ன? அதற்கும் சான்று இருக்கிறது. பிலிப் ஸரில்லி என்ற அமெரிக்கர் 1947-இல் பிறந்தவர். திருவனந்தபுரத்து சி. வி. என். களரியில் கோவிந்தன்குட்டி நாயரிடம் அவர் பயிலத் தொடங்கியது 1976-இல். அதாவது, மழலைப் பருவமெல்லாம் கழிந்து முப்பதை நெருங்கிய வயதில். ஆசிரியரிடமிருந்து பீடம் பெற்றது 1988-இல். இடையே 12 ஆண்டுகள்! “மெய் கண்ணாக வேண்டும்” என்பது களரியில் வழங்கும் பழமொழி. 1998-இல் அவர் எழுதிய ஆராய்ச்சி நூலின் பெயரே அதிலிருந்து பிறந்தது. மொழியும் உணவும் தட்பவெப்பமும் வேறான ஒருவர் 12 ஆண்டு நின்றார். தமிழர்களாகிய நமக்கு இங்கே அந்த அயன்மையும் இல்லையே! மெய், கோல், அங்கம், வெறுங்கை ஆகிய சொற்களுக்கு நமக்கு அகராதி வேண்டுமா? ஆசிரியர் வாய்த்தாரி சொல்லும்போது வலத்தும் இடத்தும் அமர்வதும் நிமிர்வதும் நம் காதில் நம் மொழியாகவே விழுகின்றன. ஊரை விட்டு வந்து இந்த நகரத்தில் பேருந்துப் பலகையைக்கூட எழுத்துக் கூட்டிப் படிக்கும் நமக்கு, காலை வேளையில் அந்த ஒலி எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆக, அளவுகோல் தவறு, சமவெளி, வெட்கம் ஆகிய மூன்றையும் ஆர்வம் வெல்லாது. ஆர்வம் என்பது மனத்தின் நிலை. மழைபோல் வரும், போகும். இதைப் பழங்காலத்துக் களரிக்காரர்கள் அறிந்திருந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். அவர்கள் அமைத்த முறையைப் பாருங்கள். மரபான குழிக்களரி தரையைத் தோண்டி அமைத்தது. 42 அடி நீளம், 21 அடி அகலம். தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை. வலக்கால் வைத்து நுழைய வேண்டும். மண்ணைத் தொட்டு வணங்க வேண்டும். பூத்தறையையும் ஆசிரியரையும் வணங்க வேண்டும். பின் எண்ணெய், பின் நாள்தோறும் அதே வரிசையில் அதே அசைவுகள். எதை முதலில் செய்வது என்று மாணவன் யோசிக்க வேண்டியதே இல்லை. வாய்த்தாரி சொல்கிறது, உடல் செய்கிறது. உடல் சூடு தாங்கும்படி மழைக்காலத்தில் பயிற்சி; உழிச்சிலும் அந்தப் பருவத்திலே. “இன்று உனக்கு ஆர்வம் உண்டா?” என்ற கேள்விக்கு இந்த அமைப்பில் எங்காவது இடம் இருக்கிறதா? வாசல் வரை வந்துவிட்டால் போதும். மற்றதை முறை பார்த்துக்கொள்ளும்.

போர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் உள்ள சலவைத் துறையை நம்மில் பலர் அறிவோம். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடுப்பை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் வழியினர் இன்றும் அங்கே உழைக்கிறார்கள். காலையில் கல்லின் முன்னே நிற்கும் அந்தப் பெரியவரிடம் போய், “ஐயா, இன்று துவைக்க ஆர்வமாக இருக்கிறதா?” என்று கேட்டால் சிரிப்பார். வயிற்றுப்பாடு வேறு, விரும்பிப் பயிலும் கலை வேறு என்பீர்கள். உண்மைதான், அவர் உழைப்பை நம் பயிற்சியோடு ஒப்பிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்றை அவரிடம் கற்கலாம். குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் நின்றால், மனம் கேள்வி கேட்பதற்கு முன்பே கை வேலையைத் தொடங்கிவிடுகிறது. கடற்கரையில் சீன வலை இழுப்பவர்களும் அப்படியே. வலை தாழ்கிறது; சிறிது பொழுதில் எழுகிறது; பெரும்பாலும் கிடைப்பது கையளவு மீன். அடுத்த முறை அதே கயிறு, அதே இழுப்பு. ஒரே இழுப்பில் கடலையே அள்ள நினைப்பவர் யாரும் அங்கே இல்லை.

“பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடட்டுமே! படிப்புக்கு வந்தவர்கள் தாவக் கற்றுத்தான் ஆக வேண்டுமா?” என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வி. விட்டுவிடலாம், அதில் இழிவு இல்லை. ஆனால் அறிந்து விடுவது வேறு, அயர்ந்து விடுவது வேறு. ஒரு பருவம் முழுவதும் பயின்று, “இது எனக்கு உரியது அன்று” என்று கண்டவர் தலைநிமிர்ந்து போகலாம். ஆறாம் வாரத்துச் சமவெளியில் விட்டவர் களரியை மட்டுமா விடுகிறார்? “என் உடம்பு எதற்கும் உதவாது, என்னால் எதையும் முடிக்க முடியாது” என்ற எண்ணத்தையும் சுமந்துகொண்டு போகிறார். அந்த எண்ணம் களரியோடு நிற்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் மூன்றாம் முறையாகச் சோதனை பிசகும்போது அது மறுபடியும் தலைநீட்டுகிறது. வீட்டுக்கும் ஊருக்கும் தொலைவில் தனித்திருக்கும் மாணவனை அது என்ன பாடு படுத்தும் என்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆகவேதான் இதைச் சிறிய விஷயம் என்று நான் கருதவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கற்பிக்கும் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஏழு வயதுக் குழந்தை சொன்னதைச் செய்யும், காரணம் கேட்காது. வளர்ந்தவன் கேட்பான். “ஏன் இந்த வடிவில் இவ்வளவு நேரம்?” என்று கேட்பது பணிவின்மை ஆகாது. காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் அவன் ஓராண்டு நிற்பான். முறையை மட்டும் கொடுத்துக் காரணத்தை மறுத்தால், பிள்ளைப் பருவத்தில் வராதவர்களுக்கு வாசல் பாதி அடைத்ததாகவே ஆகும்.

வரும் மழைக்காலத்தில் சேர இருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு பருவம், மூன்று மாதம். அதற்குள் விடுவதா தொடர்வதா என்ற விவாதமே வேண்டாம். தாவலை எண்ணாதீர்கள், வந்த நாட்களை எண்ணுங்கள். சிறு குறிப்பேட்டில் தேதியும், அன்று கால் எட்டிய உயரமும் எழுதி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சி அந்தத் தாளில் தெரியும். தனியே போகாதீர்கள், இருவராகச் சேருங்கள். ஒருவன் எழ மறுக்கும் காலையில் மற்றவன் கதவைத் தட்டுவான். தசையின் நோவு இரண்டாம் நாளில் மிகுந்து பின் தணியும். அதற்கு அஞ்ச வேண்டாம். மூட்டில் குத்தும் வலி வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். ஆசிரியர் இல்லாத இடத்தில், கடற்கரையானாலும் மொட்டைமாடியானாலும், தாவி விளையாடாதீர்கள்.

மன்றத்துக்கும் ஒரு வேலை உண்டு. சேர்ந்தோர் பெயரைப் பலகையில் எழுதி மகிழ்வது போதாது. ஆறாம் வாரத்தில் யார் யார் வரவில்லை என்று பார்த்து, அவர்கள் அறைக்குப் போய், “நாளைக் காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்கிறேன், வா” என்று சொல்ல இரண்டு பேர் வேண்டும். விலகிய எண்மரிடமும் நான் அப்படிச் சொல்ல எண்ணியிருக்கிறேன். துணைக்கு இன்னொருவர் வேண்டும்.

ஆர்வம் பயிற்சிக்கு முன்பணமாகக் கிடைப்பதன்று. பயிற்சி முடிந்தபின் கிடைக்கும் கூலி அது. வேலைக்கு முன்பே கூலி கேட்டு நிற்காமல், நாளைக் காலையில் போய் மண்ணைத் தொட்டு வணங்கிக் காலை உயர்த்துவோம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்கிறார்களே, நம் கால் நகராதா?